லாண்ட் றோவரும் எழுதப்படாத கைநூலும்

நான்கு சில்லுகளும் இழுக்கும் எந்த வாகனத்தையும் 'ஜீப்' என்றே அழைத்துப் பழகியவர்கள் இலங்கைத் தமிழர்கள். அது அமெரிக்காவின் வில்லிஸாக இருந்தாலென்ன, இங்கிலாந்தின் லாண்ட் றோவராக இருந்தாலென்ன, ஜப்பானின் லாண்ட் குறூசராக இருந்தாலென்ன, நமக்கு எல்லாம் ஜீப்தான். பொலிஸ் ஜீப், கச்சேரி ஜீப், தோட்டத்துத் துரையின் ஜீப் என்று அதற்கு முன்னால் ஓர் அதிகாரத்தின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்த அதிகாரிகள் அதனைக் கைவிட்ட பின்னர், ஏலத்தில் எடுத்த விவசாயியிடமும் சிறு வியாபாரியிடமும் அது வாழ்ந்த இரண்டாவது வாழ்க்கை பெரும்பாலும் முதலாவதைவிட நீண்டது. அந்த இரண்டாவது வாழ்க்கையைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் எழுதியது மிகச் சொற்பம்.

லாண்ட் றோவரின் பிறப்பே ஒரு பற்றாக்குறையின் கதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வில்லிஸ், போர்ட் ஆகிய நிறுவனங்கள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளியிருந்தன. போர் முடிந்ததும் மிஞ்சியவை மலிவு விலைக்கு விற்கப்பட்டன. வேல்ஸ் நாட்டின் அங்கிள்சி தீவில் பண்ணை வைத்திருந்த மொறிஸ் வில்க்ஸ் என்பவரிடமும் அவற்றிலொன்று இருந்தது. அவர் றோவர் கார் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர். தமையனார் ஸ்பென்சர் வில்க்ஸ் அதே நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். 'இந்த ஜீப் தேய்ந்து போனால் என்ன செய்வாய்?' என்று தமையன் கேட்க, 'இன்னொரு ஜீப்தான் வாங்க வேண்டும், வேறென்ன இருக்கிறது?' என்று தம்பி சொன்னதாக ஒரு கதை உண்டு. 1947 இல் ஒரு ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே முதலாவது மாதிரி வாகனத்தைச் செய்து பார்த்தார்கள். 1948 ஏப்ரல் 30 ஆம் திகதி அம்ஸ்ரர்டாம் மோட்டார் கண்காட்சியில் லாண்ட் றோவர் உலகுக்குக் காட்டப்பட்டது. விலை 450 பவுண்.

அன்றைய பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு. கார் உடல்களை அழுத்தி வார்க்கும் பெரிய இயந்திரங்களுக்குச் செலவிடப் பணமும் இல்லை. ஆகவே உடலை அலுமினியக் கலப்புலோகத் தகட்டில் செய்தார்கள். அடிச்சட்டத்தைத் தட்டையான உருக்குப் பட்டிகளை ஒட்டிப் பெட்டி வடிவில் ஆக்கினார்கள். தகடுகள் பெரும்பாலும் நேர்கோடுகளாகவே மடிக்கப்பட்டன. போர் விமானங்களுக்கென வாங்கி மிஞ்சிய பச்சை வர்ணத்தைப் பூசினார்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு இடைக்கால ஏற்பாடு என்பதே நிறுவனத்தின் எண்ணம். அந்த இடைக்கால ஏற்பாடு, பெயரும் உள்ளுறுப்புகளும் மாறினாலும் அதே உருவத்தோடு, 2016 ஜனவரி 29 வரை நீடித்தது. சொலிஹல் தொழிற்சாலையிலிருந்து 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவை வெளியேறின.

வறுமையில் பிறந்த இந்த எளிமைதான் பிற்காலத்தில் அதன் உரிமையாளர்களுக்குக் கிடைத்த சொத்து. நட்டும் போல்ற்றுமாகப் பொருத்தியதை நட்டும் போல்ற்றுமாகக் கழற்றலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். பழைய சீரிஸ் லாண்ட் றோவர்களின் பலவீனம் பின் அக்சில் தண்டு. பாரத்தோடு சேற்றில் வேகமாகக் கிளச்சை விட்டால் அது முறிந்துவிடும். வேறு வாகனமென்றால் அது பெரிய வேலை. இதிலோ சக்கரத்தின் நடுவேயுள்ள ஆறு போல்ற்றுகளைக் கழற்றினால், ஜக் வைத்து உயர்த்தாமலே, சில்லைக் கழற்றாமலே தண்டை வெளியே இழுத்துவிடலாம். வண்டியின் பாரத்தைத் தாங்குவது தண்டல்ல, அதனைச் சூழ்ந்த உறை. புதிய தண்டு கையில் இல்லையா? முன் சில்லுகளுக்கும் இழுவையைக் கொடுக்கும் கியரைப் போட்டால் முன் சில்லுகளின் பலத்திலேயே வீடு போய்ச் சேரலாம். இதனை அறிந்தவன் காட்டில் இரவு தங்க வேண்டியதில்லை. அறியாதவன் தங்கியே ஆகவேண்டும். இத்தகைய அறிவு ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்குச் செல்வதில்தான் பழைய வாகனத்தின் ஆயுள் தங்கியிருந்தது.

வண்டிக்கு வயதாக வயதாக அந்த அறிவின் பரப்பும் விரிந்தது. அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. உருக்கும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியம் வெண்பொடியாய் உதிரும். அடிச்சட்டமோ உள்ளிருந்து அரிக்கும். வெளியே வர்ணம் பளபளக்க உள்ளே கடதாசிபோல ஆகியிருக்கும். இங்கிலாந்தில் பனிக்கால வீதிகளில் தூவும் உப்பு செய்த வேலையை யாழ்ப்பாணத்தில் கடற்காற்று செய்தது. இரு நாட்டு உரிமையாளர்களும் ஒரே மருந்தைக் கண்டுகொண்டார்கள்: கழிவு எஞ்சின் ஒயிலை அடிச்சட்டத்துக்குப் பூசுவது. இன்னொரு தொல்லை சாவிகள். ஆரம்பகால வண்டிகளில் பழைய பிரித்தானிய அளவு நட்டுகள். பின்னர் வந்தவற்றில் அமெரிக்க அளவு. ஒரே வண்டியில் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. பின்னாளில் ஜப்பானிய உதிரிப்பாகங்களைப் பொருத்தியவர்கள் மில்லிமீற்றர் அளவையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, மூன்று பெட்டிச் சாவிகள் தேவை. மூன்றும் ஒருவரிடமே இருப்பதில்லை. அயலவரின் தயவு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இந்த வாய்மொழி அறிவை அச்சுக்குக் கொண்டுவந்தவர் ஜோன் ஹெய்ன்ஸ். ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஒரு காலத்தில் கார் வைத்திருந்த வீடுகளில் எண்ணெய்க் கறைபடிந்த ஹெய்ன்ஸ் கைநூல் ஒன்று இருந்தது. பலர் அறியாத செய்தி, அவர் 1938 இல் பிறந்தது இலங்கையில். தந்தையார் இங்கு தேயிலைத் தோட்ட முகாமையாளர். பன்னிரண்டு வயதளவில் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பப்பட்ட அவர், 1956 இல் பாடசாலை மாணவனாக இருக்கும்போதே, ஒஸ்ரின் செவின் காரை மாற்றியமைத்த விதத்தைச் சிறு நூலாக எழுதி விற்றார். பிறகு விமானப்படையில் ஏடன் நகரில் பணியாற்றுகையில் நண்பரொருவரின் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் காரைத் திருத்தவேண்டி வந்தது. உற்பத்தியாளரின் கைநூல் சாதாரண உரிமையாளருக்குப் பயன்படாதது என்பதை அவர் அங்கேதான் கண்டார். வாகனத்தை ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, கழற்றும்போதே படம் பிடித்து, மீண்டும் பூட்டிக் காட்டுவது அவருடைய முறை. அந்த முறையில் அமைந்த முதலாவது நூல் 1966 இல் வெளிவந்தது. சீரிஸ் லாண்ட் றோவருக்கும் ஒன்று வந்தது. 2019 இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டே, புதிய வாகனங்களுக்கு அச்சுக் கைநூல் வெளியிடுவதை அந்த நிறுவனம் நிறுத்திக்கொண்டது.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஒருவர் உலகின் கராஜ் அறிவை எழுத்தில் வைத்தார். அதே இலங்கையில் நமது கராஜ்களின் அறிவு எழுத்தில் வரவில்லை.

நிற்க. இலங்கையில் லாண்ட் றோவர் பெருமளவில் ஓடியது மலையகத் தோட்டங்களிலும், நீர்ப்பாசனம், நில அளவை போன்ற அரச திணைக்களங்களிலுமே. அவற்றின் வயதை இலக்கத் தகட்டிலேயே ஓரளவு கணித்துவிடலாம். ஆங்கில எழுத்துகள் இருந்தால் 1957க்கு முந்தியது. சிங்கள 'ஸ்ரீ' இருந்தால் அதற்குப் பிந்தியது. அந்த ஓர் எழுத்துக்காக 1957இலும் 1958இலும் தமிழ்ப் பகுதிகளில் நடந்த போராட்டமும், அதனைத் தொடர்ந்த கொந்தளிப்பும் இங்கு விரித்துரைக்க வேண்டியவையல்ல. ஆனால் ஒரு பழைய வண்டியின் முன்தகடு இந்நாட்டின் அரசியல் வரலாற்றையும் சுமந்துகொண்டு ஓடியது என்பதைச் சொல்லாமல் கடந்துபோக முடியவில்லை.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி இறுகியது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்தில் மேலும் இறுகியது. உதிரிப்பாகம் என்பது கடையில் கேட்டு வாங்கும் பொருளாக இல்லாமல், இன்னொரு வண்டியிலிருந்து கழற்றி எடுக்கும் பொருளாக மாறியது. இரண்டு வண்டியை உடைத்து ஒன்றை ஓடவைத்தார்கள். பெற்றோல் எஞ்சின் போன வண்டிக்கு டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். கடைச்சல் பட்டறைகளில் புஷ்களையும் தண்டுகளையும் கடைந்தெடுத்தார்கள். தெற்கில் 'பாஸ்' என்றும் வடக்கில் 'மெக்கானிக்' என்றும் அழைக்கப்பட்ட அந்த மனிதர்களில் பலருக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்து ஜப்பானிய வாகனங்கள் நாட்டை நிறைத்தபோது தெற்கில் அந்தக் கைத்திறனுக்கான தேவை குறைந்தது. வடக்கிலோ அது அதன் கடுமையான சோதனைக்கு இனிமேல்தான் முகம்கொடுக்க இருந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணத்தின் மின்சாரமும் புகையிரதமும் நின்றன. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, பசளை, வாகன உதிரிப்பாகங்கள் என்று தடைப்பட்டியல் நீண்டது. நான் அப்போது மாணவன். வீதியெங்கும் மண்ணெண்ணெய்ப் புகை மணத்த அந்த நாள்களை என் வயதையொத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் பழைய ஜீப்புகளும் மண்ணெண்ணெயில் ஓடின. புதிய ஜப்பானியக் கார்கள் கொட்டில்களில் தூங்க, முப்பது நாற்பது வருடப் பழைய வண்டிகள் வீதியை ஆண்டன.

அதன் காரணம் வெறும் அதிர்ஷ்டமல்ல. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. ஆகவே சிறு போத்தலொன்றிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குக் கொடுத்து எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்த வேலைக்கு வைத்தியசாலையின் சேலைன் குழாய் உகந்ததாக இருந்தது. மண்ணெண்ணெய் அழுத்தத்தையும் தாங்காது. உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்ட வைக்கும். புதிய கார்களின் எஞ்சின்கள் எரிபொருளை ஒன்பது மடங்குக்கு மேல் அழுத்துபவை. லாண்ட் றோவரின் 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சினோ ஏழு மடங்கே அழுத்தும். உலகின் எந்த மூலையிலும் கிடைக்கும் மட்டமான பெற்றோலுக்கும் ஈடுகொடுக்கவேண்டும் என்று அப்படி அமைத்தார்கள். அந்த ஏற்பாடு யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்கும் உதவியது.

இது யாழ்ப்பாணத்தவரின் தனிக் கண்டுபிடிப்பு என்று மேடைகளில் பெருமை பேசுவோர் உண்டு. அது சரியல்ல. 1940களின் பேர்குசன் உழவு இயந்திரங்களிலேயே, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளுக்கு மாறும் வகை ஒன்று தொழிற்சாலையிலிருந்தே வந்தது. யாழ்ப்பாணத்தவரின் சாதனை வேறு. தொழிற்சாலையும் கைநூலும் இல்லாத இடத்தில், பத்து வகைக் கார்களுக்கு அதனைப் பொருத்தி, அந்த அறிவை வேலிக்கு வேலி பரப்பியதே அது. அதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். பேரிங்குகள் தேயும். பிளக்குகள் கரிபிடிக்கும். இவற்றையெல்லாம் அறிந்தே ஓட்டினார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் அவசரத்தில் பேரிங்கின் ஆயுளை யார் நினைப்பார்?

வன்னியில் எனது பெரியப்பா முறையான ஒருவரிடம் ஏலத்தில் எடுத்த சீரிஸ் டூ லாண்ட் றோவர் ஒன்று இருந்தது. நெல் மூட்டையும் ஏற்றுவார், ஆள்களையும் ஏற்றுவார். அந்த வட்டாரத்தில் அதேபோன்ற வண்டிகள் இன்னும் மூன்று இருந்தன. நான்கு வீட்டாருக்கும் உறவில்லை. ஒரே கோயில் திருவிழாவில் ஒன்றாக நின்றவர்களும் அல்லர். வண்டிதான் அவர்களைச் சேர்த்தது. சக்கரத்தின் உள்நட்டைக் கழற்றும் பெரிய குழாய்ச் சாவி ஒருவர் வீட்டில், ஸ்பிறிங் தகடு கழற்றும்போது தாங்கும் பெரிய ஜக் இன்னொருவர் வீட்டில். ஐந்தாவதாக ஓடாத வண்டியொன்று வேப்பமரத்தின் கீழ்க் கிடந்தது. அதிலிருந்து எவர் எதைக் கழற்றினாலும் மற்ற மூவருக்கும் சொல்லிவிட்டே கழற்ற வேண்டும் என்பது எழுதாத சட்டம். புதிதாகச் சேர்ந்த இளைஞரொருவர், பிறேக் ஒயில் கிடைக்கவில்லையென்று எஞ்சின் ஒயிலை ஊற்றப்போனபோது பெரியப்பா பதறித் தடுத்தது நினைவிருக்கிறது.

"உதை ஊத்தினா உள்ளுக்கை இருக்கிற றப்பர் எல்லாம் ஊதிப்போடும் தம்பி. பிறகு மிதிச்சால் நிக்காது, இல்லாட்டி பிடிச்சால் விடாது."

பொறியியல் பீடத்தில் இதனை வேறு சொற்களில் கற்பிப்பார்கள். பொருள் ஒன்றே. வீட்டு மரநிழலில் செய்யும் திருத்த வேலை எல்லாவற்றையும் நான் போற்றுபவனல்லன். பிறேக்கிலும் ஸ்ரியறிங்கிலும் அரைகுறை அறிவு உயிரைக் குடிக்கும். ஆனால் அறிவு அரைகுறையாவது பெரும்பாலும் அது பகிரப்படாமல் போகும்போதுதான். அந்த நான்கு வீட்டாரும் தங்கள் தவறுகளையும் பகிர்ந்துகொண்டார்கள். அதனால்தான் ஒருவருக்கு நேர்ந்தது மற்றவருக்கு நேரவில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது கராஜ்களும் கைவிடப்பட்டன. கடைச்சல் இயந்திரத்தைத் தோளில் தூக்கிச் செல்ல முடியாது. வன்னியில் எஞ்சியிருந்தவை 2009 இல் அழிந்தன. பெரியப்பாவின் வண்டியும் அவற்றுள் ஒன்று. மெக்கானிக்குகளில் பலர் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பரிசிலும் வேறு வேலைகளுக்குப் போனார்கள். பொருளாதாரத் தடைக்காலத்தைப் பற்றி அரசியல் கட்டுரைகள் ஏராளமாக வந்துவிட்டன. நானும் என் பங்குக்கு எழுதியிருக்கிறேன். எந்தத் தீர்மானம் எந்தத் திகதியில் வந்தது என்று தேடினால் கிடைக்கும். மொறிஸ் மைனரின் தீப்பொறி நேரத்தை மண்ணெண்ணெய்க்காக எவ்வளவு பின்தள்ளவேண்டும் என்று தேடினால், அதனைச் செய்த கைகளைத்தான் தேடிப்போகவேண்டும்.

அழியாமல் தொடரும் ஓர் இடத்தையும் சொல்லவேண்டும். மேற்கு வங்காளத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையோரம், மானேபஞ்சாங் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து 3,636 மீற்றர் உயரத்திலுள்ள சந்தக்பூவுக்குச் சுமார் 31 கிலோமீற்றர் மலைப்பாதை. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் விட்டுச்சென்ற 1950களின் லாண்ட் றோவர்கள் அந்தப் பாதையில் பயணிகளை ஏற்றி ஓடிப் பெயர்பெற்றவை. பலவற்றின் எஞ்சின் மாற்றப்பட்டுவிட்டது. கிடைக்காத உறுப்புகளை ஊர்ப் பட்டறையிலேயே செய்துகொள்கிறார்கள். சாரதியே உரிமையாளர், உரிமையாளரே மெக்கானிக். 2018 இல், வாகனத்தின் எழுபதாவது ஆண்டையொட்டி, அதனை உற்பத்தி செய்த நிறுவனமே அங்கு போய்ப் படமெடுத்தது. தாங்கள் உதிரிப்பாகம் கொடுக்காமலே உயிரோடிருக்கும் வண்டிகளை அவர்கள் படமெடுத்ததில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

அதே பெயரில், டிபென்டர் என்று, 2020 இல் விற்பனைக்கு வந்த புதிய வாகனம் ஸ்லோவாக்கியாவில் உற்பத்தியாகிறது. பழையதைவிட எல்லா வகையிலும் பாதுகாப்பானது, வசதியானது. ஆனால் அதன் நோயைக் கேட்டறியக் காதும் கையும் போதாது. கணினி வேண்டும், அந்தக் கணினிக்கு அனுமதியும் வேண்டும். இது லாண்ட் றோவருக்கு மாத்திரம் உரிய பிரச்சினையல்ல. வாகனத்தைத் திருத்தத் தேவையான தகவலை உற்பத்தியாளர் வெளியாருக்கும் தரவேண்டும் என்று அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநில மக்கள் 2012 இலேயே வாக்களித்துச் சட்டமாக்கினார்கள். நமது நாட்டில் அத்தகைய பேச்சே எழவில்லை. எழுவதற்கு அவசியம் இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022 இல் எரிபொருளுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். அந்த ஐந்து வருடங்களில் தெற்கிலும் பழைய வண்டிகளுக்கு யானை விலை. ஆனால் அவற்றைத் திறந்து பார்க்கத் தெரிந்த பாஸ்மார் முதுமையடைந்துவிட்டார்கள்.

கடந்த சில மாதங்களாக, கனடாவிலிருக்கும் முன்னாள் மெக்கானிக் ஒருவரோடு தொலைபேசியில் பேசி வருகிறேன். கொக்குவிலில் கராஜ் வைத்திருந்தவர், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் சொல்லச் சொல்ல அப்பியாசக் கொப்பியில் எழுதுகிறேன். தொடக்கத்தில் அவர் சிரித்தார். "உதையெல்லாம் எழுதி என்ன செய்யப்போறீர் தம்பி? இப்ப ஆர் மண்ணெண்ணையிலை ஓடுறது?" என்றார். "எழுதி வைப்பம் அண்ணை" என்றேன். பிறகு அவராகவே தொடங்கினார். எஞ்சின் சூடான பிறகுதான் நேரத்தைப் பார்க்கவேண்டும். டிஸ்றிபியூற்றரின் பிடியைச் சற்றே தளர்த்தி, பின்பக்கமாக ஒரு மயிரளவு திருப்பி, ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கவேண்டும். தட்டினால் இன்னும் ஒரு மயிரளவு, வலுக் குறைந்தால் பாதி திரும்பி வரவேண்டும். மூன்று பக்கங்கள் ஆகியிருக்கின்றன. அடுத்த ஞாயிறு காபரேற்றர்.